பாக்கெட்டைப் பார்க்காமல் பட்டம்

இளநிலைப் பொறியியல் மாணவருக்குக் கணினி நெட்வொர்க்கைக் கோட்பாடாகச் சொல்லிக்கொடுத்தால் போதும். கம்பியையும் கட்டளையையும் தொட வைப்பது பல்கலைக்கழகத்தின் வேலையல்ல. திருவனந்தபுரத்தில் பொறியியல் ஆசிரியர்கள் கூடும் இடங்களில் இந்தக் கருத்தை மறுத்துப் பேசுபவர்கள் மிகக் குறைவு. பாறசாலையைத் தாண்டி நாகர்கோவில், திருநெல்வேலி என்று போனாலும் இதே பேச்சைத்தான் கேட்கிறேன். இது தவறு என்பது என் வாதம். நான்கு ஆண்டு படித்த ஒருவரை அவருடைய துறைக்கே அந்நியராக்கி வெளியே அனுப்பும் தவறு.

எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு முதலில் சொல்லிவிட வேண்டும். பட்டப்படிப்பு நிலையான கொள்கைகளைக் கற்பிக்க வேண்டும், கருவிகள் ஐந்தாண்டில் மாறிவிடும் என்கிறார்கள். ரவுட்டரை அமைப்பதும் கேபிள் முனையைக் கிரிம்ப் செய்வதும் டிப்ளமோ படித்தவரின் வேலை, அதற்கென்று சான்றிதழ் வகுப்புகள் இருக்கின்றன என்கிறார்கள். சாதனங்களுக்குப் பணமில்லை, சிமுலேட்டர் இலவசம். மாணவர் கையில் பாக்கெட் பிடிக்கும் மென்பொருளைக் கொடுத்தால் வளாகத்தின் பாதுகாப்பு போய்விடும். அறுபது பேர் கொண்ட வகுப்பில் செய்முறையை நியாயமாக மதிப்பிட வழியில்லை. கடைசியாக, எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டது, ரவுட்டருக்கான கட்டளைகளைச் செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறது, இனி இதெல்லாம் எதற்கு என்கிறார்கள்.

இப்படிச் சொல்பவர்கள் வேலைக்குச் சோம்பியவர்கள் அல்லர். அவர்களுடைய அடிப்படை அச்சத்தில் நியாயம் உண்டு. பட்டப்படிப்பு ஒரு நிறுவனத்தின் பொருளை இயக்கும் பயிற்சியாகச் சுருங்கிவிடக் கூடாது. சிஸ்கோ தன் நெட்வொர்க்கிங் அகாடமியை 1997இல் தொடங்கியது. அதன் பின் நெட்வொர்க் செய்முறை என்றாலே ஒரு நிறுவனத்தின் கட்டளைகளை மனப்பாடம் செய்வது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அந்தப் பயிற்சியை நானும் கேட்கவில்லை. வேலை செய்யும் ஒரு நெட்வொர்க்கை மாணவர் தானே கட்ட வேண்டும். அது கெட்டுப்போகும்போது பாக்கெட்டைப் பிடித்துப் பார்த்துக் காரணம் சொல்ல வேண்டும். திருத்திய பிறகு, திருந்திவிட்டது என்பதை இன்னொருவர் ஏற்கும்படி நிரூபிக்க வேண்டும். செய்முறை என்று நான் சொல்வது இதைத்தான். இனி அவர்களுடைய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

1. கோட்பாடு முதலில், கை பிறகு என்றா சொல்கிறீர்கள்?

இந்தத் துறை எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலேயே இருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையிலான இணைப்பு படுத்துவிட்டது. நானூறு கஜ தூரம்தான். விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த பாதையில் 40 பிட் மட்டுமே போனது. கம்பி அறுபடவில்லை, இயந்திரம் எதுவும் நிற்கவில்லை. எல்லாக் கணினிகளும் விதிப்படியே நடந்துகொண்டிருந்தன. ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன் நடந்ததைக் கவனித்து, அளந்து, காரணத்தைத் தேடினார். நெரிசலில் பாக்கெட் தொலைகிறது. தொலைந்ததைக் கணினிகள் மறுபடி மறுபடி அனுப்புகின்றன. அதனாலேயே நெரிசல் இன்னும் கூடுகிறது. இதற்கு அவர் கண்ட தீர்வுகளை மைக்கேல் கேரல்ஸுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை 1988இல் வெளியானது. ஸ்லோ ஸ்டார்ட், கன்ஜெஷன் அவாய்டன்ஸ் என்று இன்று நம் மாணவர்கள் ரம்பப்பல் மாதிரி வரைபடம் போட்டு மதிப்பெண் வாங்கும் பாடம் அங்கிருந்து வந்தது.

பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் கருவியும் அதே ஆய்வகத்தில் பிறந்ததுதான். டிரேஸ்ரூட்டை எழுதியவரும் ஜேக்கப்சன்தான். பிங்கை மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதினார். அதற்குக் காரணமும் அவருடைய நெட்வொர்க் ஒழுங்காக நடக்காததுதான்.

கணிதம் முன்னால் வந்த இடங்களும் உண்டு. லியனார்ட் க்ளைன்ராக்கின் க்யூயிங் கோட்பாடு இணையத்துக்கு முந்தியது. அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு 1986இன் முடக்கத்தை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பில் ஒரு பெரிய கோப்பை அனுப்பும்போது மற்ற எல்லாமே ஏன் இப்படி இழுத்தடிக்கிறது என்று அளக்கத் தொடங்கியதிலிருந்துதான் பஃபர்புளோட் என்ற சிக்கல் உலகத்தின் கவனத்துக்கு வந்தது. பாக்கெட் தொலையாமல் இருக்க ரவுட்டர்களில் நினைவகத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அந்தத் தாராளமே தாமதமாக மாறியிருந்தது. 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் ஜேக்கப்சனும் அதற்குத் தீர்வாகக் கோடெல் முறையை வெளியிட்டார்கள். அளந்து பார்த்த கைதான் அடுத்த கோட்பாட்டைத் தந்தது. அந்தக் கையை மாணவரிடமிருந்து பறித்துவிட்டு மிச்சத்துக்குக் கோட்பாடு என்று பெயர் வைத்தால், நாம் கொடுப்பது யாரோ கண்டுபிடித்ததன் முடிவுரை மட்டும்தான்.

2. புத்தகத்தில் இருக்கிறதே என்ற பதில் போதாது.

ஒரே ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்ப்போம். ஈதர்நெட் ஒரு ஃபிரேமில் 1500 பைட் சுமக்கும். நம் வீட்டு பிராட்பேண்ட் இணைப்புகளில் பரவலாக உள்ள பிபிபிஓஇ முறை அதில் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது, மிச்சம் 1492. அதைவிடப் பெரிய பாக்கெட் வருகிறது, அதைத் துண்டாக்கக் கூடாது என்ற குறியும் அதில் இருக்கிறது என்றால், வழியிலுள்ள ரவுட்டர் அதைக் கைவிட்டுவிட்டு, இதைவிடச் சிறிதாக அனுப்பு என்று ஓர் ஐசிஎம்பி செய்தியை அனுப்பியவருக்கே திருப்பிவிட வேண்டும். புத்தகத்தில் இது இரண்டு பத்தி. ஃபிராக்மென்டேஷன் கணக்கு தேர்வில் வரும். நம் மாணவர் அதைச் சரியாகப் போட்டுவிடுவார்.

இனி நடைமுறைக்கு வருவோம். ஒரு நிறுவனத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்பவர், ஐசிஎம்பி ஆபத்தானது என்று எங்கோ கேட்டதை நம்பி, ஃபயர்வாலில் அதை முழுவதுமாக அடைத்துவிடுகிறார். பிங் வேலை செய்யாது, அவ்வளவுதானே என்று நினைக்கிறார். மறுநாள் புகார் வருகிறது. அலுவலகத்திலிருந்து பார்த்தால் தளம் திறக்கிறது, சிலருக்கு வீட்டிலிருந்து திறக்கவில்லை. திறக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது: இணைப்பு கிடைக்கிறது, சிறிய பக்கங்கள் வருகின்றன, பெரிய பட்டியல் உள்ள பக்கம் மட்டும் பாதியில் நிற்கிறது. பெரும்பாலான வீட்டு ரவுட்டர்கள், ஒரு பாக்கெட்டில் எவ்வளவு தரவு போகலாம் என்று டிசிபி பேசிக்கொள்ளும் எம்எஸ்எஸ் மதிப்பைத் தாங்களே குறைத்து இந்தச் சிக்கலை மறைத்துவிடும். அது நடக்காத இடத்தில், அல்லது நடுவில் ஒரு விபிஎன் டனல் இருக்கும் இடத்தில், இந்தக் குழி வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும்.

தேர்வில் கணக்கைச் சரியாகப் போட்ட நம் பட்டதாரி இப்போது என்ன செய்வார்? சர்வர் மெதுவாக இருக்கிறது என்பார். ரீஸ்டார்ட் செய்வார். டேட்டாபேஸ் குழுவைக் கூப்பிடுவார். இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் மேல் பழி போடுவார். அவருக்கு அறிவு குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்த இரண்டு பத்தியும் அவர் கண்ணெதிரே நிற்கும் இந்தப் பழுதும் ஒன்றுதான் என்று அவருக்கு ஒருபோதும் யாரும் காட்டவில்லை. ஒரே ஒரு முறை இதை லேபில் பார்த்த மாணவர் சர்வரில் பாக்கெட்டைப் பிடிப்பார். 1500 பைட் உள்ள அதே பாக்கெட் மறுபடி மறுபடி போவதும், அதற்கு மட்டும் ஒப்புகை வராமல் இருப்பதும் தெரியும். சின்னப் பாக்கெட்டுகளுக்கு ஒப்புகை வந்துகொண்டே இருக்கும். அப்போதே ஐசிஎம்பி எங்கே தடைபடுகிறது என்று தேடத் தொடங்கிவிடுவார்.

இதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு புரோகிராம் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று சொல்வதற்கும் 'டைம்டு அவுட்' என்று சொல்வதற்கும் என்ன வேறுபாடு என்று இறுதியாண்டு மாணவரிடம் கேளுங்கள். முதலாவதில் எதிர்முனை இயந்திரம் உயிரோடு இருந்து, கதவைத் தட்டிய உடனே மறுப்பு அனுப்புகிறது. இரண்டாவதில் பதிலே வரவில்லை. பாக்கெட் வழியில் எங்கோ விழுங்கப்பட்டிருக்கலாம். பழுது தேடும் திசை இந்த ஒரு வேறுபாட்டில் முழுக்க மாறிவிடும். ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளையும் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் ஒப்பிக்கும் மாணவர்கள் இந்தக் கேள்வியில் நின்றுவிடுவதை நான் வைவாவில் தொடர்ந்து பார்க்கிறேன். நிற்கும்போது அவர்கள் முகத்தில் தெரிவது வெட்கம். அந்த வெட்கத்துக்குப் பொறுப்பு அவர்களுடையது இல்லை.

3. லேப் ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள்.

இருக்கிறது. அதைத்தான் நேராகப் பார்க்க வேண்டும். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2014இல் அமைந்த ஏபிஜே அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2019 பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் மாணவருக்கு நெட்வொர்க் கோட்பாடு ஐந்தாம் செமஸ்டரில் வைக்கப்பட்டது. லேப் ஆறாம் செமஸ்டரில். அந்த லேப் பட்டியலில் நல்ல பகுதிகள் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். லினக்ஸில் நெட்வொர்க் அமைப்பு, சாக்கெட் நிரல்கள், வயர்ஷார்க், பல சப்நெட்டுகளைக் கொண்ட நெட்வொர்க்கை வடிவமைத்து டிஎச்சிபி, டிஎன்எஸ் சர்வர்களை நிறுவுவது ஆகியவை அதில் இருந்தன. தாளில் அது குறை சொல்ல முடியாத பட்டியல்.

ஆனால் அதே பட்டியலில் ஸ்லைடிங் விண்டோ, டிஸ்டன்ஸ் வெக்டர் ரூட்டிங், லீக்கி பக்கெட் ஆகியவையும் இருந்தன. பல கல்லூரிகளில் லேபின் பெரும்பகுதியை இவையே தின்றுவிடுகின்றன. இவை எப்படிச் செய்யப்படுகின்றன? லீக்கி பக்கெட் என்பது சி மொழியில் ஒரு லூப். கொள்ளளவையும் வெளியேறும் வேகத்தையும் தட்டினால் திரையில் சில எண்கள் வரும். டிஸ்டன்ஸ் வெக்டர் என்பது ஓர் அணியை உள்ளிட்டு ஓர் அட்டவணையை அச்சிடுவது. இரண்டிலும் உண்மையான பாக்கெட் ஒன்றுகூடப் போவதில்லை. அவை நல்ல அல்காரிதப் பயிற்சிகள், அந்த வகுப்பில் இருக்கட்டும். நெட்வொர்க்கின் சாரமோ வேறிடத்தில் இருக்கிறது: ஒன்றையொன்று நம்ப முடியாத, ஒன்றின் நிலை மற்றொன்றுக்குத் தெரியாத இயந்திரங்கள் தாமதமும் இழப்பும் உள்ள பாதையில் ஓர் உடன்பாட்டுக்கு வருவது. ஒரே புரோகிராமுக்குள் எல்லா ரவுட்டர்களும் ஒரே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொண்டால் அந்தச் சாரம் முழுவதும் ஆவியாகிவிடுகிறது. இணைப்பு ஒன்றை அறுத்துவிட்டு, பொய்த் தகவல் ரவுட்டர்களுக்கிடையே சுற்றிச் சுற்றி எண்ணிக்கை ஏறுவதைப் பார்க்காதவருக்குக் கவுண்ட் டு இன்ஃபினிட்டி என்பது ஒரு பெயர், அவ்வளவுதான்.

சிமுலேட்டரும் இதே கணக்குதான். என்எஸ்-2வின் கடைசி வெளியீடு 2011 நவம்பரில் வந்தது. இன்றைய லினக்ஸில் அதை நிறுவப் படும் பாட்டிலேயே லேபின் முதல் வாரங்கள் கரைகின்றன. பாக்கெட் டிரேசர் முதல் பரிச்சயத்துக்கு நல்லது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதை எழுதியவர் எந்தெந்தப் பழுதுகளை நினைத்துப் பார்த்தாரோ அவை மட்டுமே அதில் நடக்கும். மேலே சொன்ன 1492 பைட் கதை யாருடைய திட்டத்திலும் இல்லாமல் நடந்தது. உண்மையான நெட்வொர்க்கில் பழுதுகள் அப்படித்தான் வருகின்றன.

கோட்பாட்டுக்கும் லேபுக்கும் நடுவே ஒரு செமஸ்டர் இடைவெளி என்பது தனிக் கொடுமை. டிசிபி படித்த வாரத்தில் டிசிபியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்குப் பாதி மறந்திருக்கும், மீதி ரெக்கார்டு நோட்டில் இருக்கும்.

4. பணமில்லை என்ற வாதத்தை 2010க்கு முன் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன்.

இன்று ஒரே லினக்ஸ் கணினிக்குள், தனித்தனி முகவரியும் தனித்தனி ரூட்டிங் அட்டவணையும் தனித்தனி ஃபயர்வாலும் கொண்ட இருபது கணினிகளை மாணவர் சில கட்டளைகளில் உருவாக்கலாம். நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் என்ற இந்த வசதி கர்னலிலேயே இருக்கிறது. அவற்றுக்கிடையே மெய்நிகர் கம்பிகளைப் போடலாம். நெட்எம் கருவியால் அந்தக் கம்பியில் இருநூறு மில்லிவிநாடித் தாமதமும் இரண்டு சதவீத இழப்பும் வைக்கலாம். இதைச் சிமுலேட்டர் என்று ஒதுக்கிவிட முடியாது. அதில் ஓடுவது டேட்டா சென்டர் சர்வரில் ஓடும் அதே டிசிபி, அதே கர்னல், அதே பாக்கெட்டுகள். ஸ்டான்ஃபோர்டில் உருவான மினிநெட் 2010இலிருந்து இந்த வழியைத்தான் எளிமையாக்கிக் கொடுத்திருக்கிறது. எஃப்ஆர்ரவுட்டிங் என்ற கட்டற்ற மென்பொருள் அந்த மெய்நிகர் இயந்திரங்களை ஓஎஸ்பிஎஃப்பும் பிஜிபியும் பேசும் முழு ரவுட்டர்களாக்கிவிடும்.

சூரிச்சில் உள்ள ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் லாரன்ட் வன்பெவரின் குழு 2016 முதல் இதை வகுப்பாகவே நடத்துகிறது. மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து ஒவ்வொரு குழுவும் ஓர் இணையச் சேவை நிறுவனத்தை ஏற்றுக்கொள்கிறது. தன் ரவுட்டர்களை அமைத்து, பக்கத்துக் குழுக்களுடன் ஒப்பந்தப்படி வழிகளைப் பரிமாறி, எல்லோருமாகச் சேர்ந்து ஒரு குட்டி இணையத்தைக் கட்டி எழுப்ப வேண்டும். அத்தனையும் ஒரே சர்வரில் ஓடுகிறது. மென்பொருள் முழுவதையும் அவர்கள் யாரும் பயன்படுத்தும்படி வெளியிட்டிருக்கிறார்கள். 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் முகவரித் தொகுதிக்குள் அடங்கிய சிறிய துண்டு ஒன்றைத் தன்னுடையது என்று தவறுதலாக உலகத்துக்கு அறிவித்ததும், உலகத்தின் பெரும்பகுதிக்கு யூடியூப் இரண்டு மணி நேரம் போல மறைந்துபோனதும் பாடப்புத்தகக் கதை. இப்படிப்பட்ட குட்டி இணையத்தில் மாணவர்கள் அதை ஒரே பிற்பகலில் நடத்திப் பார்க்கலாம். அதிக நீளமான பிரிஃபிக்ஸ் ஏன் வெல்கிறது என்பதை அதன் பிறகு யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

இந்த ஊரில் பணமில்லை என்று சொல்வதில் இன்னொரு பொருந்தாமையும் இருக்கிறது. ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா 2001 ஜூலையில் தொடங்கப்பட்டது திருவனந்தபுரத்தில்தான். கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகள் கட்டற்ற மென்பொருளில் ஓடுகின்றன. அதை நடத்தும் கைட் நிறுவனத்தின் தலைமையகம் பூஜப்புரையில் இருக்கிறது. 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் திட்டத்தில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் வன்பொருளையும் நிரல்களையும் கையால் கையாண்டு பழகுகிறார்கள். பதினான்கு வயதில் லினக்ஸ் கணினியைத் திறந்து வேலை பார்த்த பெண், இருபது வயதில் பொறியியல் கல்லூரிக்கு வந்து, லீக்கி பக்கெட் நிரலை சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறாள். பள்ளியில் கொடுத்ததைக் கல்லூரி திரும்ப வாங்கிக்கொள்கிறது என்பதைவிடக் கடுமையாக இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

5. "அது டெக்னீஷியன் வேலை."

எல்லா வாதங்களிலும் ஆழமாக வேர்விட்டிருப்பது இதுதான். எனக்கு அதிகம் கோபம் தருவதும் இதுதான். கையால் செய்பவர் கீழே, தலையால் செய்பவர் மேலே என்ற பிரிவை நம் சமூகம் பொறியியல் கல்லூரிகளில் கண்டுபிடிக்கவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று இந்த நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பொறியாளர் என்ற பட்டத்துக்குள் அந்தப் பிரிவைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, அதைக் கல்வித் தரம் என்று அழைக்கிறோம்.

கேரளத்தின் பிராட்பேண்ட் இன்று யார் தோளில் நிற்கிறது என்று பாருங்கள். ஊர் ஊராகக் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்தவர்கள் கூட்டாகச் சேர்ந்து வளர்த்ததுதான் கேரளா விஷன் பிராட்பேண்ட். ஃபைபரை ஒட்டுவதும் ஒளி அளவை அளப்பதும் வீட்டு இணைப்பு ஏன் அடிக்கடி விழுகிறது என்று கண்டுபிடிப்பதும் அவர்கள் வேலையோடு வேலையாகக் கற்றவை. அவர்களுடைய அறிவு மேலானது. அதற்கு அடுத்த படி, அதாவது ஆயிரக்கணக்கான இணைப்புகள் உள்ள நெட்வொர்க்கை எப்படி வடிவமைப்பது, நெரிசலை எங்கே அளப்பது, ஐபிவி6க்கு எப்படி மாறுவது என்பவை பட்டதாரி செய்ய வேண்டியவை. முதல் படியில் கால் வைக்காதவர் அடுத்த படியில் எப்படி நிற்பார்?

2023 ஜூன் 5 அன்று கேரளம் கேஃபோன் திட்டத்தைத் தொடங்கியது. சுமார் 30,000 அரசு அலுவலகங்களுக்கும் பொது நிறுவனங்களுக்கும் இணைப்பு, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவச இணையம் என்பது அதன் இலக்கு. இணைய அணுகல் கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் சொல்லிவிட்டது. உரிமை என்று அறிவித்த பிறகு அதைப் பழுதில்லாமல் நடத்த ஆள் வேண்டும். மலையோரக் கிராமத்துப் பள்ளியில் இணைப்பு விழும்போது அதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்கும் பொறியாளரை இந்த மாநிலத்தின் கல்லூரிகள் உருவாக்காவிட்டால், அந்த உரிமைக்கு யார் பொறுப்பு? 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் நகரத்தின் வடக்கே கழக்கூட்டத்தில் இருக்கிறது. அங்கே வேலைக்குச் சேரும் பட்டதாரிக்கு இந்த அடிப்படையைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க நிறுவனம் தன் நேரத்தைச் செலவிடுகிறது. அப்படிச் செலவிட வசதியில்லாத இடங்களான உள்ளாட்சி அலுவலகம், அரசு மருத்துவமனை, சிறு தொழில் ஆகியவைதான் நம் பாடத்திட்டத்தின் விலையைக் கொடுக்கின்றன.

6. பாதுகாப்பு போய்விடும் என்பது மெய்யான அச்சம்.

அதற்கு விடையும் எளியது. மேலே சொன்ன நேம்ஸ்பேஸ் நெட்வொர்க்குகள் கணினியை விட்டு வெளியே போவதில்லை. நிஜ ஸ்விட்ச்சுகளில் செய்ய வேண்டியதை வளாகத்தோடு இணைக்காத தனி அறையில் செய்யலாம். அடுத்தவரின் போக்குவரத்தை அனுமதியின்றிப் பிடிப்பது குற்றம் என்பதை முதல் நாள் சொல்லிவிட்டுத்தான் கருவியைக் கையில் கொடுக்க வேண்டும். தடை செய்தால் மாணவர் செய்யாமல் இருப்பார் என்று நினைப்பவர்கள் எந்த விடுதியிலும் வார்டனாக இருந்ததில்லை. யாரும் வழிகாட்டாமல் அறைக்குள் உட்கார்ந்து செய்வார், எல்லை எது என்று தெரியாமல் செய்வார்.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஆறு மணி நேரத்தில் நடந்தது என்ன என்று சொல்ல, இயல்பான போக்குவரத்து எப்படி இருக்கும் என்று முன்பே பார்த்திருக்க வேண்டும்.

7. "எல்லாம் மாறிவிடும், செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும்."

மாறாததைப் பட்டியலிடுகிறேன். டிசிபியின் அடிப்படை ஆவணம் 1981இல் வந்தது. 2022இல் அதைப் புதுப்பித்தபோதும் அதே நெறிமுறையின் வரையறையைத்தான் திருத்திச் சேர்த்தார்கள். டிஎன்எஸ் 1983இல் வந்தது, பிஜிபி 1989இல். நம் மாணவர் பிறப்பதற்கு முன் வந்தவை, அவர் ஓய்வு பெறும்போதும் இருக்க வாய்ப்புள்ளவை. ஐந்தாண்டில் மாறுவது ஒரு நிறுவனத்தின் மெனு. கிளவுடில் நுழைந்தாலும் சப்நெட், ரூட் டேபிள், ஃபயர்வால் விதி, டிஎன்எஸ் என்று இதே சொற்கள்தான் வரவேற்கும். இயந்திரம் எங்கோ இருப்பதால் கம்பியைப் போய்ப் பார்க்கும் வழியும் அங்கே இல்லை. பாக்கெட்டைப் படிக்கத் தெரிந்தாக வேண்டிய அவசியம் கூடியிருக்கிறது.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகத்திலிருந்தே மறைந்தன. வழக்கமான பராமரிப்பின்போது முதுகெலும்பு நெட்வொர்க்கின் கொள்ளளவை அறிவதற்காகக் கொடுத்த கட்டளை அந்த நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய தானியங்கித் தணிக்கைக் கருவியில் ஒரு பிழை. டேட்டா சென்டர்களை எட்ட முடியாத டிஎன்எஸ் சர்வர்கள், எழுதிவைத்த விதிப்படி, தங்கள் பிஜிபி அறிவிப்புகளைத் தாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டன. உலகின் மிகத் தானியங்கியான நெட்வொர்க்குகளில் ஒன்றைச் சரிசெய்ய மனிதர்கள் கட்டடத்துக்குள் நேரில் போக வேண்டியிருந்தது. கட்டளையை எழுதித் தரும் கருவி மாணவருக்கு உதவட்டும். அது எழுதியது சரியா என்று சொல்ல, பாக்கெட் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். கருவி பெருகப் பெருக அந்த ஒருவரின் தேவை கூடும்.

8. மதிப்பிட முடியாது என்பவர்கள் பிளஸ் டூ வேதியியல் லேபை மறந்துவிட்டார்கள்.

தெரியாத ஓர் உப்பைக் கையில் கொடுத்து, இது என்ன என்று கேட்ட தேர்வு அது. ஒவ்வொருவருக்கும் வேறு உப்பு. ஊகம் சொன்னால் போதாது. எந்தச் சோதனை செய்தாய், என்ன கண்டாய், அதிலிருந்து என்ன முடிவுக்கு வந்தாய் என்று வரிசையாக எழுத வேண்டும். லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் இதை நடத்தும் நாட்டில், அறுபது பேருக்கு நெட்வொர்க் பழுதுத் தேர்வு நடத்த முடியாதா?

ஒரு ஸ்கிரிப்ட் மாணவரின் பதிவு எண்ணை வைத்து அவருடைய நெட்வொர்க்கில் ஒரு பழுதை விதைக்கும். ஒருவருக்குத் தவறான சப்நெட் மாஸ்க், ஒருவருக்கு ஒரே முகவரி இரண்டு இயந்திரங்களில், ஒருவருக்குத் திரும்பி வரும் வழி இல்லாத ரூட், இன்னொருவருக்கு ஐசிஎம்பியை விழுங்கும் ஃபயர்வால். மாணவர் பிடித்த பாக்கெட் கோப்பும் அவர் எழுதிய ஒரு பக்க விளக்கமும் விடைத்தாள். சரியாகிவிட்டதா என்று இன்னொரு ஸ்கிரிப்ட் சோதிக்கும். பக்கத்து மேசையைப் பார்த்து எழுத முடியாது, சீனியரின் ரெக்கார்டு உதவாது. இப்போது நடக்கும் செய்முறைத் தேர்வைவிட இது நியாயமானது.

9. வெளியே சொல்லப்படாத காரணம் ஒன்று மிச்சம் இருக்கிறது.

பல ஆசிரியர்களுக்கு இதைச் செய்து பழக்கமில்லை. இப்படிப்பட்ட பாடத்திட்டத்திலேயே படித்து, அதே நோட்ஸைக் கொண்டு கற்பிக்க வந்தவர்கள் அவர்கள். வகுப்பின் முன் ஏதாவது வேலை செய்யாமல் போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. சிமுலேட்டரும் சி நிரலும் அந்தப் பயத்திலிருந்து காப்பாற்றுகின்றன, ஏனென்றால் அவற்றின் விடை முன்பே தெரியும். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. கல்லூரித் தரமதிப்பீட்டுக்கான என்ஏஏசி கோப்புகளும் இண்டர்னல் மதிப்பெண் பட்டியல்களும் வாரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் ஒருவரிடம், நீயே இரவில் உட்கார்ந்து கற்றுக்கொள் என்று சொல்வது அநியாயம். அவர்களுக்கு நேரம் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் கடமை.

ஆகவே கேட்பது மூன்று. நெட்வொர்க் கோட்பாடும் லேபும் ஒரே செமஸ்டரில், முடிந்தால் ஒரே ஆசிரியரிடம் இருக்கட்டும். லேப் மதிப்பெண்ணில் பாதி, விதைத்த பழுதைக் கண்டுபிடிப்பதற்குப் போகட்டும். அதற்கு இடம்விட்டு, லீக்கி பக்கெட் நிரல் அல்காரிதம் வகுப்புக்குத் திரும்பட்டும். மூன்றாவதாக, இந்தப் பாடத்தை எடுக்கும் ஆசிரியருக்கு ஒரு செமஸ்டர் வகுப்புச் சுமையைப் பாதியாகக் குறைத்து, கேஃபோன் போலவோ மாநில டேட்டா சென்டர் போலவோ நாள்தோறும் இயங்கும் ஒரு நெட்வொர்க்கில் உட்கார்ந்து வேலை பார்க்க அனுப்புங்கள். முதல் இரண்டுக்கும் புதிய கட்டடமோ டெண்டரோ தேவையில்லை. பாடத்திட்டக் குழுவின் ஒரு தீர்மானம் போதும். அடுத்த ஐந்தாம் செமஸ்டர் தொடங்குவதற்குள் அதை நிறைவேற்ற முடியும்.